சாயாவில் கலந்தது

சாயா இனித்தது.

விலாசினி டீச்சர் முதல் மிடறை விழுங்காமல் நாக்கிலேயே நிறுத்திக்கொண்டாள். இனிப்புதான், சந்தேகமில்லை. மெல்லிய, யாரோ ஒளித்து வைத்துவிட்டுப் போனது போன்ற இனிப்பு. அவளுக்குச் சர்க்கரை நோய் வந்த நாளிலேயே அந்த வீட்டில் சர்க்கரை டப்பா மேல் தட்டுக்கு ஏறிவிட்டது. விருந்தாளி வந்தால்தான் இறங்கும். மருமகள் ஷிம்னாவிடம், கல்யாணமாகி வந்த மறுநாளே அதைச் சொல்லியாகிவிட்டது. அப்புறம் இந்த இனிப்பு எங்கிருந்து வந்தது?

சுற்றிலும் பார்த்துவிட்டு கொல்லை வாழை மூட்டில் துப்பினாள். மிச்சத்தையும் அங்கேயே ஊற்றிக் காலால் மண்ணைத் தள்ளி மூடினாள்.

"அம்மே, சாயா குடிச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன? தினமும் இதை மட்டும் ஏன் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள்?

"ஆச்சு" என்றாள் விலாசினி.

ஷிம்னா வந்து டம்ளரை வாங்கும்போது அதன் அடியை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையையும் விலாசினி கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அந்தக் கணக்கு கொஞ்ச நாளாகவே ஏறிக்கொண்டிருந்தது.

எல்லாம் பிரஜீஷ் மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு தொடங்கியது. ஒரே மகன். ஓணம் வரும் சிங்க மாதத்தில் லீவில் வந்து, தானே பார்த்துப் பிடித்துப்போன பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். டவுனில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற பெண். அழகுதான், பேச்சும் அடக்கம்தான். ஆனால் அவள் பிறந்த வீட்டுக்கு நாலு வயல் தள்ளி ஒரு சாத்தன் கோயில் இருந்தது. பில்லி, ஏவல் என்று ஊர்ப்பட்ட ஜனம் வந்துபோகிற இடம். கல்யாணப் பேச்சின்போது விலாசினி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்தவள், இருபத்தைந்து வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள், இதையெல்லாமா பார்ப்பாள்?

இப்போது பார்த்தாள். மகன் விமானம் ஏறி, ஷிம்னா சமையலறையைக் கையில் எடுத்துக்கொண்ட சில நாளிலேயே அவளுடைய உடம்பு அவள் பேச்சைக் கேட்க மறுத்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பொலபொலவென்று வியர்க்கும். கை நடுங்கும். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். ஒரு நாள் கோயில் நடையில் நின்றபோது பகவதியின் பெயரே மறந்துபோய், என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியாமல் திகைத்தாள். காரணமில்லாமல் கோபம் வந்தது. மீன்காரியோடு சண்டை பிடித்துவிட்டு, எதற்குப் பிடித்தோம் என்று பிறகு யோசித்துப் பார்த்தும் புரியவில்லை.

சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஊசி ஆரம்பித்தபோதே டாக்டர் சொன்னதுதான். ஆனால் எப்படி இறங்கும்? காலையில் பதினாறு யூனிட், மாலையில் பத்து. பல வருஷமாக அதே அளவு. அதே கோடு. அதே கை. சாப்பாடும் அதேதான். மேலும் வாரத்துக்கு ஒரு தடவை எழுந்ததும் வெறும் வயிற்றில் விரல் குத்திப் பார்ப்பாள். சர்க்கரை இவ்வளவு அழகாக அடங்கி அவள் பார்த்ததே இல்லை. பிரஜீஷ் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த மருந்தாயிற்றே! அங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொல்லி, ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி கொண்டு வந்தான். வழக்கமாக வருகிற தைலம், டார்ச்சு, சோப்பு, பேரீச்சம்பழத்தோடு இந்த முறை இன்சுலினும் வந்ததில் விலாசினிக்குப் பெருமை தாங்கவில்லை. அக்கம்பக்கத்தில் வந்தவர்களுக்கெல்லாம் பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். "இங்க கிடைக்கிற மருந்து மாதிரி இல்ல, இது அசல்" என்றாள்.

ஊசி விஷயத்தில் அவள் யாரையும் அண்டவிட மாட்டாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பாட்டிலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, மருந்து ஒரே பால் நிறமாகும்வரை மெல்ல உருட்டுவாள். குலுக்க மாட்டாள். ரப்பர் மூடியைத் துடைத்து, கோடு வரை காற்று இழுத்து உள்ளே விட்டு, பாட்டிலைத் தலைகீழாக்கி மருந்தை இழுப்பாள். குமிழி இருந்தால் விரலால் சுண்டி மேலே ஏற்றி வெளியே தள்ளுவாள். வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து, நேற்றுக் குத்திய இடத்திலிருந்து இரண்டு விரல் தள்ளிக் குத்துவாள். மெல்லப் பத்து எண்ணிய பிறகே ஊசியை எடுப்பாள். குத்திய இடத்தைத் தேய்க்க மாட்டாள். பழைய ஊசியை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவாள். ஆரோக்கிய நிலையத்து நர்சே ஒரு தடவை மற்ற நோயாளிகளைக் கூப்பிட்டு, டீச்சரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

அதனால் ஊசியில் தப்பு இருக்க வழியே இல்லை. மருந்தில் இருக்காது, அது மகன் கொண்டுவந்தது. கையில் இருக்காது, அது அவளுடையது. மிச்சம் இருப்பது சோறும் சாயாவும். வீட்டில் புதிதாக வந்திருப்பது ஒன்றே ஒன்று. மருமகள்.

ஷிம்னா ஒரு தடவை வாய் திறந்தாள். "அம்மே, இது சர்க்கரை இறங்கறதா இருக்குமோ? அந்த மருந்துப் பாட்டிலை எடுத்துட்டுப் போய் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டினா என்ன?"

"என் பாட்டிலைத் தொடாதே" என்றாள் விலாசினி. "பதினாறுன்னா பதினாறு. நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் நூறு வரைக்கும் பிள்ளைங்களுக்கு எண்ணச் சொல்லிக் குடுத்தவ."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. சாயா இனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அடுத்த வீட்டு ஓமனாவிடம்தான் விலாசினி மனம் திறந்தாள். ஓமனாவின் வீட்டில் இன்னொரு ஆச்சரியமும் இருந்தது. நடுக்கம் வரும்போது வேலி தாண்டிப் போய் அவள் கையால் ஒரு சாயா குடித்தால், கொஞ்ச நேரத்தில் வியர்வை அடங்கி, கண் தெளிந்து, உலகம் பழையபடி ஆகிவிடும். தன் வீட்டில் நோவு, அடுத்த வீட்டில் குணம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஓமனா கேட்டுவிட்டு வெற்றிலையை ஓரமாக ஒதுக்கினாள்.

"டீச்சரே, இது கைவிஷம். சோத்துல கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து கொடுக்கறது. முதல்ல புத்தி மாறும், அப்புறம் உடம்பு போகும். மகனைத் தன் கைக்குள்ள போட்டுக்கணும்னா நடுவுல இருக்கற தாயை ஒதுக்கணுமில்ல?"

"அந்தப் பொண்ணைப் பார்த்தா அப்படித் தெரியலையே ஓமனே."

"பார்த்தாத் தெரியற மாதிரியா செய்வாங்க?"

விலாசினி வீட்டுக்கு வந்து, ஷிம்னா குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து, சமையலறையைத் துழாவினாள். மல்லி, மிளகாய், மஞ்சள் எல்லாம் தன் தன் இடத்தில் இருந்தன. அரிசி டின்னுக்குப் பின்னால் கை போனபோது ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா தட்டுப்பட்டது. உள்ளே வெள்ளையாக ஏதோ பொடி. உப்பு இல்லை, அரிசி மாவு இல்லை. வாசனையும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்க்கத் துணிவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, ஷிம்னா வருவதற்குள் வெளியே வந்தாள்.

அன்று முதல் அவள் சாப்பாடு குறைந்தது. புட்டை எடுத்துக் கொறித்தமாதிரி செய்துவிட்டுக் காக்கைக்கு வைத்தாள். மதியம் பசியில்லை என்றாள். ஊசியை மட்டும் விடவில்லை, அது மருந்தல்லவா? சாப்பாடு குறையக் குறைய வியர்வையும் நடுக்கமும் கூடின. அவை கூடக் கூடச் சந்தேகம் கெட்டிப்பட்டது.

கடைசியில் மகனுக்குப் போன் போட்டாள். கைவிஷம் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை, அவளை அவள் வீட்டுக்கு அனுப்பு, இல்லாவிட்டால் என்னை ஏதாவது அநாதை விடுதியில் கொண்டு விடு என்று மட்டும் சொன்னாள்.  பிரஜீஷ், தான் அடுத்த லீவில் வரும்வரை ஷிம்னா அவளுடைய வீட்டில் இருக்கட்டும் என்று கம்மிய குரலில் சொன்னான். அடுத்த லீவு என்பது எப்போது என்று தாய்க்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். அதுவரை பிரிந்திருக்கும் கல்யாணம் பிறகு ஒட்டுமா என்பதும் தெரியும். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்க முயன்றாள் விலாசினி. முடியவில்லை.

ஷிம்னாவின் அப்பா வேலாயுதனையும் அவளே கூப்பிட்டு, நாளை சாயங்காலம் வந்து மகளை அழைத்துப் போகச் சொன்னாள். ஷிம்னா அழவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவும் இல்லை. தன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டியில் வைத்தாள். நியாயம் உள்ளவள் இப்படி வாய் மூடிப் போவாளா என்று அதற்கும் ஒரு கணக்கு எழுதினாள் விலாசினி.

பெண் போனாலும் வயிற்றுக்குள் போனது போகாதே என்றாள் ஓமனா. கைவிஷத்தைக் கக்க வைக்கிற ஒரு நம்பூதிரி இல்லம் அவளுக்குத் தெரியும். பாலில் ஏதோ பச்சிலை கரைத்துக் கொடுப்பார்கள். ஆனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போக வேண்டும். மறுநாள் காலையே போவது என்று முடிவாயிற்று.

காலையில் விலாசினி குளித்து, ஜரிகைக் கரை போட்ட கசவு முண்டு உடுத்து, வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டாள். வெறும் வயிறு என்றுதானே சொன்னார்கள், ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லையே. முன்வராந்தாவில் வந்து உட்கார்ந்து ஆட்டோவுக்காகக் காத்திருந்தாள். ஓமனா ஆட்டோ பிடிக்க முக்குக்குப் போயிருந்தாள்.

ஷிம்னா நூலப்பமும் கடலைக்கறியும் மேஜையில் வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அம்மே, ஊசி போட்டாச்சு இல்ல? சாப்பிடலையே?"

"எனக்கு வேண்டாம்."

"ஊசி போட்டுட்டு வெறும் வயித்தோட இருக்கக் கூடாது அம்மே. நான் செஞ்சது வேண்டாம்னா ஒரு பழமாவது தின்னுங்க."

விலாசினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று சாயங்காலம் போகப்போகிறவளுக்கு இன்று காலை மட்டும் தன்னைச் சாப்பிட வைப்பதில் ஏன் இந்தப் பிடிவாதம்?

ஆட்டோ வரவில்லை. வெயில் ஏறியது. முதலில் கழுத்துக்குப் பின்னால் ஈரம் துளிர்த்தது. பிறகு முண்டு முதுகோடு ஒட்டியது. வாசல் கேட் இரண்டாகப் பிரிந்து, ஒன்றை ஒன்று தாண்டிப் போய் நின்றது. எங்கே போகக் கிளம்பினோம்? அந்த வெற்றிலை போடுகிறவள் பெயர் என்ன? பெயர் நாக்கு நுனிவரை வந்து வழுக்கி விழுந்தது.

எதிரில் ஒரு முகம். ஷிம்னா. கையில் டம்ளர், அதில் கலங்கலாக வெள்ளைத் தண்ணீர்.

"குடிங்க அம்மே. சீக்கிரம் குடிங்க."

அந்த வெள்ளைப் பொடி. போகிற நாளில் வேலையை முடித்துவிட்டுப் போகப் பார்க்கிறாள். மற்றதெல்லாம் கலங்கியபோதும் அந்த ஒரு எண்ணம் மட்டும் விலாசினியின் தலைக்குள் தெளிவாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள். உதட்டில் பட்ட டம்ளரைக் கையால் தட்டிவிட்டாள். அது படிகளில் உருண்டு போனது.

ஷிம்னா உள்ளே ஓடி இன்னொன்று கரைத்துக்கொண்டு வந்தாள். பாதியை அவளே மடமடவென்று குடித்தாள். "பாருங்க, நானே குடிக்கிறேன். பாருங்க அம்மே" என்று கெஞ்சினாள். மாற்று மருந்து தின்றவர்கள் விஷத்தையும் குடிக்கலாம் என்று விலாசினியின் மூளையின் ஏதோ ஒரு மூலை பதில் சொன்னது. வாய் திறக்கவில்லை.

வாசலில் ஆட்டோ சத்தம். பிறகு முகம் மறைந்துவிட்டது. எங்கோ தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஷிம்னாவின் குரல் கேட்டது. "சேச்சி, நீங்க கொடுங்க. என் கையால குடிக்க மாட்டாங்க. நான் இருந்தாலே குடிக்க மாட்டாங்க, நான் உள்ள போயிடறேன். சீக்கிரம்."

அடுத்தாற்போல வந்தது வளையல் போட்ட ஒரு பழகிய கை. வெற்றிலை வாசனை. விலாசினி வாயைத் திறந்தாள். இனிப்பு, தொண்டையை அடைக்கிற இனிப்பு உள்ளே இறங்கியது. ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர்.

இரண்டு கேட்டும் ஒன்றாகச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் கண்ணில் பட்டது, திறந்திருந்த கதவு வழியாகத் தெரிந்த சமையலறைத் தரை. அங்கே ஷிம்னா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த எவர்சில்வர் டப்பா. கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"உன் கைதான் என்னைக் காப்பாத்துது ஓமனே" என்றாள் விலாசினி, நாக்கு இன்னும் தடித்த மாதிரி இருக்க. "எப்பவும் உன் கைதான்."

ஓமனா கையிலிருந்த காலி டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நான் வெறுங்கையோடதானே வந்தேன் டீச்சரே. கரைச்சது அவதான்."

அந்த வார்த்தை விலாசினிக்குள் போய் உட்கார இடம் கிடைக்காமல் அலைந்தது. அந்தப் பொடியைத்தானே இப்போது குடித்தேன்? குடித்த பிறகு கண் தெளிகிறதே?

"அதுல என்ன இருக்கு?" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

ஷிம்னா எழுந்து வந்தாள். ஆனால் வாசற்படியைத் தாண்டவில்லை.

"குளுக்கோஸ். மருந்துக்கடையில வாங்கினது."

"அப்ப சாயாவுல..."

"நான்தான் கலந்தேன் அம்மே." முகத்தைத் தாழ்த்தாமலே சொன்னாள். "என் பெரியம்மாவுக்கு இதே மாதிரி வியர்க்கும், நடுங்கும், கோபம் வரும். சர்க்கரை இறங்கித்தான். உங்ககிட்ட சொன்னேன், கேக்கல. அவர்கிட்ட சொன்னேன், ஊசி விஷயத்துல அம்மாகிட்ட வாதாடாதேன்னுட்டாரு. வேற வழி தெரியல. மதியத்துக்கு முன்னாடி குடிக்கிற சாயாவுல கொஞ்சம் போட்டேன். ஒளிச்சு செஞ்சது தப்புதான்."

அப்படியானால் சந்தேகப்பட்டது சரிதான், கலந்தாள்தான். ஆனால் கலந்ததைக் கொட்டியதால் அல்லவா...

ஓமனாவும் இப்போது தன் பங்குக்கு வாக்குமூலம் கொடுத்தாள். "நானும் சொல்லிடறேன். என் வீட்டு சாயாவுல எப்பவும் நாலு ஸ்பூன் சர்க்கரை. டீச்சர் தெரிஞ்சேதான் குடிக்கறீங்கன்னு நினைச்சேன். நாக்குக்கு ஆசை இருக்காதான்னு பேசாம இருந்தேன்."

"நாலு ஸ்பூனா?" என்றாள் ஷிம்னா.

விலாசினிக்குத் தெரியும்தான். தெரியாதமாதிரி குடித்ததுதான். அதை அவள் சொல்லவில்லை.

ஷிம்னா சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்து தயங்கி நின்றாள். விலாசினி சிறிது யோசித்துவிட்டு விரலை நீட்டினாள். இரண்டு டம்ளர் குளுக்கோஸ் குடித்த பிறகும் ஐம்பத்தெட்டுதான் காட்டியது. போகக் கிளம்பின இடத்துக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆரோக்கிய நிலையம் என்று ஷிம்னா சொன்னதற்கு ஓமனாகூட மறுப்புச் சொல்லவில்லை. வந்த ஆட்டோ அதற்காவது பயன்பட்டது.

மருந்துப் பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுக்க ஷிம்னா பிரிட்ஜ் பக்கம் போனபோது விலாசினி தடுத்தாள். "பெட்டியை நான் எடுத்துக்கறேன்." வழி முழுக்க அதை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள். பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் இருந்தது அவள் நிலைமை. ஒருவேளை இந்தப் பெண் பாட்டிலில் ஏதாவது செய்திருந்தால்? இன்று அதுவும் வெளியே வரட்டும்.

டாக்டர் ஷாஹினா வயதில் ஷிம்னாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டு, பெட்டியைக் கேட்டாள். விலாசினி தன் கையாலேயே திறந்து கொடுத்தாள். டாக்டர் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பிறகு சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சைப் பார்த்தாள். மறுபடியும் பாட்டில்.

"இந்த மருந்து யார் தந்தது?"

"என் மகன். மஸ்கட்டிலேர்ந்து கொண்டு வந்தான்" என்றாள் விலாசினி. படுத்திருந்தாலும் குரலில் பெருமை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சிரிஞ்சு?"

"அது இங்கேயே கிடைக்குமேன்னு விட்டுட்டு வந்துட்டான். நான் எப்பவும் வாங்கறதுதான். இவ ஏதாவது மாத்தியிருக்காளா, டாக்டர்? பயப்படாம சொல்லுங்க."

ஷிம்னா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் எதையும் மாத்தல டீச்சர். மருந்தும் நல்லது, சிரிஞ்சும் நல்லது. ஆனா ரெண்டும் ஜோடி இல்ல. நம்ம ஊர்ல நீங்க வாங்கற பாட்டில்ல ஒரு மில்லிக்கு நாப்பது யூனிட். இந்த சிவப்பு மூடி சிரிஞ்சு அந்த நாப்பதுக்குக் கோடு போட்டது. உங்க மகன் கொண்டு வந்ததுல ஒரு மில்லிக்கு நூறு. இதோ, பாட்டில்லயே போட்டிருக்கு. இதுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு வேணும். இந்த சிரிஞ்சுல பதினாறு கோடு இழுத்தா, உள்ள போறது எவ்வளவு?"

 கணக்கு விலாசினிக்குத் தானாகவே வந்துவிட்டது. இரண்டரை மடங்கு. பதினாறு அல்ல, நாற்பது. தினமும், சுத்தமாகக் கை கழுவி, குமிழி தட்டி, பத்து வரை எண்ணி.

குற்றவாளியைத் தேடிப் பழகிப்போன மனசு அப்போதும் சும்மா இருக்கவில்லை. மகனைத் தொட்டுப் பார்த்தது. பிரிட்ஜின் முன்னால் மண்டியிட்டு, ஒவ்வொரு பாட்டிலாக அவன் அடுக்கிய காட்சி வந்தது. அங்கே நிற்க முடியாமல் திரும்பிவிட்டது. போக வேறு இடமில்லாமல் அவளிடமே வந்து சேர்ந்தது.

"அப்ப எனக்குக் கைவிஷம் வச்சது நானேதானா?" என்றாள் மெதுவாக.

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஷிம்னாவுக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்தது. இத்தனை நாள் மாமியார் தன்னை எதற்காகப் பார்த்தாள் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. தன் கையால் எதையும் வாங்கப் பிடிக்காத வெறுப்பு என்று மட்டுமே நினைத்திருந்தாள். வெளியே போய் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம்வரை அங்கேயே படுக்க வைத்தார்கள். இன்று இரவு ஊசி வேண்டாம், உள்ளே போன மருந்தின் வேகம் இன்னும் இருக்கும், இரவு முழுக்க அடிக்கடி விரல் குத்திப் பார்க்க யாராவது கூடவே இருக்க வேண்டும் என்றாள் டாக்டர். நாளை முதல் ஒரே வகை மருந்து, அதற்கான ஒரே வகை சிரிஞ்சு. ஒரு வீட்டில் இரண்டு வகையும் சேர்ந்து இருக்கவே கூடாது.

திரும்பி வந்தபோது வேலாயுதன் வராந்தாவில் காத்திருந்தார். காலடியில் குடை, ஒரு நேந்திரம்பழச் சீப்பு. உள்ளே, பூட்டிய பெட்டி தயாராக இருந்தது.

"என்ன ஆச்சு டீச்சரே? உடம்புக்கு முடியலையா?" என்று எழுந்தார்.

ஷிம்னா முந்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லப்பா. அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கிடுச்சு. அதான் என்னையும் பார்த்துக்க முடியாதுன்னு அனுப்பறாங்க." அதோடு விட்டுவிடுங்கள் என்று மாமியாரைக் கண்ணால் கேட்டாள். அப்பா மனசு தாங்காது என்ற பயம்.

அந்தப் பொய்யை ஏற்றுக்கொண்டால் போதும். பெண் கௌரவமாகப் போய்விடுவாள், யாருக்கும் எதுவும் தெரியாது. விலாசினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது இல்ல காரியம்" என்றாள். "உங்க மகள் எனக்கு சாயாவுல விஷம் கலக்கறாள்னு நான் நினைச்சேன். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். அவ கலந்தது என் உயிரைக் காப்பாத்தற சாமான். ஊசியில தப்பு பண்ணினது நான்தான்."

வேலாயுதன் கேட்டார்: "விஷமா? என் பொண்ணா?"

"ஆமா. அப்படித்தான் நினைச்சேன்."

அவர் குனிந்து குடையை எடுத்தார்.  "பெட்டியை எடு மோளே. போலாம்."

விலாசினி தடுக்கவில்லை. தடுக்க என்ன யோக்கியதை இருக்கிறது? ஷிம்னா உள்ளே போனாள். பெட்டியை இழுத்து வரும் சத்தம் கேட்டது, பாதியில் நின்றது. வெளியே வந்தபோது அவள் கையில் பெட்டி இல்லை.

"நீங்க போங்கப்பா. இன்னிக்கு ராத்திரி யாராவது கூட இருந்தே ஆகணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஓமனச் சேச்சியை வச்சா நாலு ஸ்பூன் போட்டுக் கொடுத்துடுவாங்க."

"இன்னிக்கு சரி. நாளைக்கு?"

"நாளைக் கதை நாளைக்கு." மாமியாரின் பக்கம் திரும்பினாள். கண்கள் கலங்கியிருந்தன. குரலில் கலக்கம் இல்லை. "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க அம்மே. எனக்கு ரொம்ப வலிக்குது. நான் இருக்கணும்னா ஒண்ணு செய்யணும். என் மேல எந்தச் சந்தேகம் வந்தாலும் ஓமனச் சேச்சிகிட்ட போகக் கூடாது. என் முகத்தைப் பார்த்து என்கிட்ட கேக்கணும். நானும் இனி எதையும் ஒளிச்சு செய்ய மாட்டேன்."

விலாசினி தலையசைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

"என்ன?" என்றாள் ஷிம்னா.

"ஒண்ணு இருக்கு. இப்பவே கேக்கலாமா?"

வேலாயுதன் குடையோடு படியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"கேளுங்க."

"பிரஜீஷ் என்கிட்ட போன்ல, சாப்பிட்டியா, தூங்கினியான்னு ரெண்டு கேள்வி கேட்டுட்டு வச்சுடறான். உன்கிட்ட மட்டும் மணிக்கணக்கா பேசறான். அப்படி என்னதான் பேசறான்?"

ஷிம்னா மாமியாரின் முகத்தையே பார்த்தாள். பிறகு, அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவள் உதட்டோரத்தில் முட்டியது.

"அது சந்தேகம் இல்ல அம்மே. பொறாமை" என்றாள். "விரலை நீட்டுங்க."